வெயிலில் வைத்த லென்ஸ்

ஜன்னல் கட்டையிலிருந்து லென்ஸை எடுத்தேன். அடியில் விரித்திருந்த வெள்ளித்தாளைக் கசக்கிப் போட்டுவிட்டுக் கேமராவில் மாட்டினேன்.

வாரக்கணக்கில் வெயில் காட்டியாயிற்று. மஞ்சள் போயிருக்க வேண்டும்.

போகாவிட்டால் நாளைக்குத் தொழிற்சாலை குரூப் போட்டோவை மகன் தன் புதுக் கேமராவில் எடுப்பான். நான் ஸ்டூடியோ கல்லாவில் உட்கார வேண்டும். அப்படித்தான் பேச்சு. பயல் அதற்காகவே காத்திருக்கிறான், எனக்குத் தெரியாதா?

இந்த லென்ஸின் கண்ணாடியில் தோரியம் கலந்திருக்கிறது. கலந்தால் கண்ணாடி ஒளியை நன்றாக வளைக்கும். படம் கத்தி மாதிரி விழும். ஆனால் தோரியம் சும்மா கிடக்கிற சாதி இல்லை. கதிரைக் கக்கிக்கொண்டே இருக்கும். அது பாதி தீருவதற்கே பூமியின் வயசு போதாதாம். அந்தக் கதிர் பட்டுப் பட்டுக் கண்ணாடி மஞ்சளேறும். வெயில் பட்டால் தெளியும்.

லென்ஸ் பழுது பார்க்கிறவன் சொன்னபோது நான் நம்பவில்லை. எவன் சொன்னாலும் நம்புகிறதில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தேன், தெளிந்தது. அதற்குப் பிறகுதான் நம்பினேன். அது ஆயிற்று பல வருஷம். இப்போது மறுபடி மஞ்சள்.

மனைவிக்கு இதைக் கண்டாலே பயம்.

"அந்தச் சனியனை வீட்டுக்குள்ளயே வச்சிருக்கீங்களே, உடம்புக்கு ஆகுமா?"

"அதுல முக்காவாசிக் கதிர் ஒரு காகிதத்தைக்கூடத் தாண்டாது. தூளாக்கி மூச்சுல இழுத்தாத்தான் வம்பு. நான் என்ன, இடிச்சு மூக்குப்பொடியா போடப்போறேன்?"

இடது கண்ணை மூடி, வலது கண்ணைக் கேமராவில் வைத்தேன். தொழிலுக்கு வந்த நாள் முதல் அந்தக் கண்தான்.

வெள்ளைச் சுவர் மஞ்சளாகத் தெரிந்தது.

"போகலடி. நீயே பாரு."

வாங்கிப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"தண்ணி மாதிரி இருக்கு. இதுல எங்க மஞ்சளைக் கண்டீங்க?"

ஆறுதல் சொல்கிறாளாம். நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன். பழக்க தோஷம், இடது கண்ணை இன்னும் திறக்கவில்லை.

அவளுடைய நரைமுடி மஞ்சளாக இருந்தது.

இடது கண்ணைத் திறந்து வலதை மூடினேன். வெள்ளை.

மாற்றினேன். மஞ்சள்.

"என்னங்க இது, இந்த வயசுல கண்ணடிக்கிறீங்க?"

உள்ளேயிருந்து மகன் குரல் கொடுத்தான். "என்னப்பா, மஞ்சள் போச்சா?"

"லென்ஸ் சுத்தமா இருக்குடா. நாளைக்கு நான்தான் எடுக்கிறேன்."

அவள் கையிலிருந்து கேமராவை வாங்கி இடது கண்ணில் வைத்துப் பார்த்தேன். மூக்குதான் கொஞ்சம் இடித்தது.