மாத்தினதை மட்டும்

"அந்த ஸ்விட்ச்ல கை வெச்சே, கையை ஒடிச்சிடுவேன்!"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ரவுட்டர் சரி பண்ண வந்தவன் இரண்டடி பின்னால் துள்ளினான்.

"சார், குடோனுக்குப் புது லைன் போட்டாச்சு. இதை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா முடிஞ்சுது. ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு செகண்டு கூட முடியாது."

வாசலில் லாரி டிரைவர் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு நின்றார். குடோனில் லைன் வந்தால்தான் பில் வரும், பில் வந்தால்தான் லாரி நகரும்.

"சார், இன்னிக்குள்ள சரக்கு போகணுமா? இல்லே, நான் வீட்டுக்குப் போய்த் தூங்கவா?"

"கொஞ்சம் இருங்கய்யா!"

மேனேஜர் கண்ணாடி அறைக்கு முன்னால் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வந்தார். உள்ளே கணக்கு பார்க்கும் பெண் லேப்டாப்பைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நடுநடுவே சிரிப்பு வேறு. கிளையன்ட் கால் என்று கதவைச் சாத்தி வெகுநேரம் ஆயிற்று.

"கிளையன்டாம், கிளையன்ட்! யாரு காதுல பூ சுத்தறா?" என்று கிளார்க்கம்மா வந்தவனிடம் கிசுகிசுத்தாள். "அவ சிரிச்சுப் பேசி முடிக்கிற வரைக்கும் மொத்த ஆபீஸும் தவம் கிடக்கணும். இவரு காவல் நிக்கிறாரு. என்ன சங்கதியோ, யார் கண்டா!"

வந்தவனுக்கும் எரிச்சல்தான். அடுத்த இடத்திலிருந்து போன் மேல் போன்.

"சரி சார், ஆஃப் பண்ணாமலே முடிக்கிறேன். ரீலோடு கொடுத்தா, பழைய செட்டிங்கையும் புதுசையும் ரவுட்டரே ஒத்துப் பார்த்துக்கும். மாத்தினதை மட்டும் நிறுத்தித் திரும்ப எழுப்பும். மத்த லைன் எல்லாம் அது பாட்டுக்கு ஓடும்."

"அந்த ரூம் லைன் கட் ஆகாதே?"

"குடோனைத் தவிர நான் எதையும் மாத்தலையே சார்."

"இன்னொரு தடவை பாரு."

"பார்த்துட்டேன் சார்."

"பாருங்கறேன்ல!"

வேண்டாவெறுப்பாகப் பார்த்தான். பகீர் என்றது. காலையில் சோதித்துப் பார்க்க ஆபீஸ் லைனிலும் ஒரு எண்ணை மாற்றியிருக்கிறான், திருப்பி வைக்க மறந்தே போயிற்று. அப்படியே ரீலோடு கொடுத்திருந்தால் கண்ணாடி அறையும் சேர்ந்து படுத்திருக்கும். நல்லவேளை!

மூச்சு விடாமல் அதைப் பழையபடி மாற்றி வைத்தான்.

"கொடுக்கட்டுமா சார்?"

மேனேஜர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். "கொடு."

ரவுட்டரில் குடோன் லைனுக்கான விளக்கு மட்டும் அணைந்து எரிந்தது. கண்ணாடி அறையில் பேச்சு நிற்கவில்லை. சற்று நேரத்தில் குடோனில் பிரிண்டர் கடகடத்தது. டிரைவர் பில்லைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு ஓடினார்.

அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் நேரே மேனேஜரிடம் வந்தாள்.

"சார், அது கிளையன்ட் கால் இல்ல. வேற கம்பெனி இன்டர்வியூ. என்னை எடுத்துக்கிட்டாங்க. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன், மன்னிச்சிடுங்க."

"ஓஹோ! ஆபீஸ் நேரம், ஆபீஸ் லைன், அடுத்த கம்பெனிக்கு இன்டர்வியூ! ரொம்ப நல்லா இருக்கும்மா. ராஜினாமாவை இன்னிக்கே அனுப்பிடு. நாளைக்கு இங்க உன் முகத்தைப் பார்க்கக் கூடாது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் தன் இடத்துக்குப் போனாள். கிளார்க்கம்மாவுக்கு ஒரே குஷி.

வந்தவனுக்குப் பொறுக்கவில்லை. "இவங்களுக்காகவா சார் இவ்வளவு பாடு பட்டீங்க? உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னா இதுதான்."

மேனேஜர் அவனை வாசல் வரை தள்ளிக்கொண்டு போனார். குரல் தாழ்ந்தது.

"அந்தக் கம்பெனிக்கு அவ பேரைச் சொன்னதே நான்தான் தம்பி. அவளுக்குத் தெரிய வேணாம். நாளைக்கு மேலிடத்துலேர்ந்து அவளை வேலையை விட்டு நிறுத்தற ஆர்டர் வருது. நிறுத்திட்டாங்கன்னு அழுதுகிட்டுப் போறதை விட, நானே விட்டுட்டேன்னு தலை நிமிர்ந்து போகட்டுமே!"