காற்றுப் புகுந்த வண்டி

“ஏம்ப்பா, பிள்ளைத்தாச்சிப் பொண்ணை ஏத்திக்கிட்டுப் போறோம்னு தெரியுமில்ல? வண்டியை ஒழுங்கா பார்த்து வச்சுக்க என்ன கேடு உனக்கு?”

சின்னம்மாள் போட்ட சத்தத்தில் முந்திரிக்காட்டுக் காக்கைகள் எழுந்து பறந்தன.

டிரைவர் உத்திராபதி கதவைத் திறந்து இறங்கினான். ஜெயங்கொண்டத்திலிருந்து அரியலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதி வழியில், அவனுடைய டீசல் அம்பாசடர் இரண்டு தரம் திணறிவிட்டு நின்றே போனது. உச்சி வெயில். சாலையில் முன்னும் பின்னும் ஒரு மாட்டுவண்டிகூட இல்லை.

பின்சீட்டில் மருமகள் மலர்கொடி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்து தங்கவில்லை. இது மூன்றாவது. அந்தப் பயத்தில்தான் இரண்டு நாளாக வாடகைக் காரை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள்.

“அத்தை, எனக்குப் பயமா இருக்கு.”

“பயந்தா ஆச்சா? இதையும் தொலைச்சுட்டு என் வூட்டுப் படி ஏறாதே!”

உத்திராபதிக்கே சுருக்கென்றது. இப்படியும் ஒரு மாமியாரா!

பானெட்டைத் திறந்து பம்பைக் கையால் அடித்தான். டீசலுக்குப் பதில் நுரைதான் வந்தது. மறுபடி அடித்தான். மறுபடியும் நுரை.

“காத்துப் புகுந்திருக்குங்கம்மா. எங்கேயோ குழாய் விட்டிருக்கு. அதான் எஞ்சின் நிக்குது.”

“வாயால சொல்லிக்கிட்டு நிக்காதே. சரி பண்ணு!”

முன்பக்கக் குழாய்களை விரலால் தடவிப் பார்த்தான். ஈரமில்லை. பின்பக்கம் போய்க் குனிந்தான். டேங்க்குக்குக் கீழே மண்ணில் சொட்டுச் சொட்டாக டீசல். மல்லாந்து படுத்து அடியில் ஊர்ந்து போனான்.

வெகுநேரம் அவன் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. மலர்கொடியின் முனகல் அலறலாக மாறியது.

“என்னப்பா ஆச்சு?” சின்னம்மாளின் குரல் முதல் தடவையாக நடுங்கியது.

“ரப்பர் குழாய் அறுந்திருக்குங்க. என் தப்புதான். கிளம்பறப்போ பார்த்திருக்கணும்.”

“பாவி! இந்தப் பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சு, உன்னைச் சும்மா விடமாட்டேன்!”

அறுந்த இடத்தைக் கத்தியால் வெட்டி எறிந்தான். மிச்சக் குழாயை இழுத்து மாட்டி இறுக்கிக் கட்டினான். ஆஸ்பத்திரிப் பையிலிருந்த சோப்பை வாங்கிக் காற்றுப் புகாதபடி மேலே அப்பினான். ஓடி வந்து பம்பை அடித்தான். நுரை அடங்கி டீசல் வந்தது. எஞ்சின் உறுமியது.

மீதி வழியெல்லாம் ஒவ்வொரு குழிக்கும் மூன்று பேருக்கும் மூச்சு நின்று நின்று வந்தது.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று நர்ஸ் சொன்னதும், சின்னம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்த உத்திராபதி, அருகில் வந்து கையை விரித்தான். டீசல் பிசுபிசுப்போடு ஒரு சின்னத் தாமிரத் தகடு.

“இது உங்களுதாங்கம்மா? டேங்க்குக்குக் கீழே, அந்த ரப்பர் குழாய்ல கம்பி போட்டு இறுக்கிக் கட்டியிருந்துச்சு.”

சின்னம்மாளின் முகம் வெளிறிப்போனது.

“பூசாரிகிட்ட மந்திரிச்சு வாங்கினேன்ப்பா. போற வழியில மலருக்கு ஒண்ணும் ஆயிடக்கூடாதுன்னு, யாரும் பார்க்காதப்போ நான்தான் கட்டினேன். அப்போ... நான் கட்டின கம்பிதான் குழாயை அறுத்துச்சா? அது தெரிஞ்சுமா அத்தனை ஏச்சையும் வாங்கிக்கிட்டே?”

உத்திராபதி தகட்டைச் சட்டையில் துடைத்து அவள் கையில் வைத்தான்.

“குழாயைத் திரும்பக் கட்ட என்கிட்ட வேற கம்பி ஏதுங்கம்மா? உங்க கம்பியாலதான் கட்டினேன். அதுதான் நம்மளை இங்க கொண்டாந்து சேர்த்துச்சு.”