பத்து நிமிடம் கழித்து

பாதி முகம் கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. மீதிப் பாதி லேப்டாப்பில்.

அவர் மவுஸை அழுத்தியபடியே வைத்திருந்தார். இன்னும் கொஞ்சம் தள்ளினால் போட்டோ முழுதாக அந்தப் பக்கம் போய்விடும்.

தள்ளினார்.

பிருந்தா அந்தப் பக்கம் போனாள்.

அவளுடைய லேப்டாப்தான். பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்தது. பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒயர் சொருகியிருந்தால்தான் உயிர்.

கடையின் இரண்டாவது மானிட்டர் போன வாரம் புகைந்துவிட்டது. ஒன்றில் போட்டோ, ஒன்றில் எழுத்து என்று பழகிய கைக்கு ஒற்றைத் திரையில் வேலை ஓடவில்லை. இன்று காலையில் அவர் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு இதையும் பையில் வைத்துக் கொடுத்தாள். சும்மாதானே கிடக்கிறது என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வருடமாக அதை யாரும் திறக்கவில்லை.

முதலில் கேபிள் போட்டுப் பார்த்தார். நடக்கவில்லை. கேபிள் சொருகும் துளை வழியாக லேப்டாப் தன் படத்தை வெளியே கொடுக்கும். வெளியிலிருந்து எதையும் வாங்கிக்கொள்ளாது. அவளும் அப்படித்தான்.

பிறகு கடை வைஃபையில் இரண்டையும் இணைத்தார். லேப்டாப் பாஸ்வேர்டு கேட்கவில்லை. எனக்கு என்னப்பா ரகசியம் என்பாள்.

கம்ப்யூட்டர் திரையில் போஸ்டர் இருந்தது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி.

தோற்றம் என்று போட்டுத் தேதி அடித்திருந்தார். பிரசவ வார்டு வாசலில் கால் கடுக்க நின்ற நாள். மறக்குமா?

மறைவு என்றும் போட்டிருந்தார். அதன் பக்கத்தில் கர்சர் மட்டும் விட்டு விட்டுத் துடித்தது.

இருபத்திரண்டு வருடத் தொழில். கோவில்பட்டியில் பாதிக் குடும்பங்களின் மறைவுத் தேதியை இந்த விரல்தான் அடித்திருக்கிறது. ஒரு நாளும் நடுங்கியதில்லை. அடுத்தவன் வீட்டு இழவில் எழுத்துப் பிழை மட்டும்தான் கண்ணில் படும். இன்று காலையிலிருந்து எட்டு எண்கள் வரமாட்டேன் என்கின்றன.

போன் அடித்தது. அச்சகத்து இசக்கி. நாளை விடியுமுன் ஒட்டியாக வேண்டும், மூன்று மணிக்குள் ஃபைல் வந்தால்தான் உண்டு என்று இழுத்தான்.

"முடிஞ்சிட்டுப்பா. அஞ்சே நிமிஷம்."

டிடிபி கடைக்காரன் முடிந்தது என்றால் இன்னும் தொடங்கவில்லை என்று அர்த்தம். இது ஊருக்கே தெரியும். மகளுக்கு மட்டும் தெரியாது. அல்லது தெரியாத மாதிரி இருந்தாள்.

கோயம்புத்தூர் கல்லூரி விடுதியிலிருந்து தினமும் மதியம் ஒன்றரைக்குக் கூப்பிடுவாள். அவருக்குச் சர்க்கரை. அதனால் ஒரே கேள்விதான், சாப்பிட்டாச்சா அப்பா? ஆச்சும்மா என்பார். திறக்காத தூக்கு பக்கத்திலேயே இருக்கும். பெண்ணைப் பெற்றவனுக்குக் கடிகாரம் எதற்கு என்று கடைக்கு வருகிறவர்களிடம் பெருமை வேறு.

காய்ச்சலில் கிடந்த மூன்றாம் நாளும் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. கடையில் கூட்டம். ஆச்சும்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

நீ சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை.

மறுநாள் அவள் எண்ணிலிருந்து வேறு யாரோ பேசினார்கள்.

அந்த ஒரு கேள்வி ஒரு வருடமாக மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது.

மணி அடித்தது.

இசக்கிதான் என்று போனை எடுத்தார். போன் சும்மா இருந்தது. சத்தம் லேப்டாப்பிலிருந்து வந்தது.

மகளின் முகத்துக்குக் கீழே, வலது மூலையில், ஒரு சின்னக் கட்டம் ஏறி நின்றது.

1.30. அப்பா சாப்டாச்சா கேக்கணும்.

அலாரம் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அவளே வைத்தது. வாரத்தில் ஏழு நாளும்.

முதலில் சுருக்கென்றது. தானாக நினைவு வந்துதான் கூப்பிடுகிறாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார். பிறகுதான் உறைத்தது. பரீட்சை, ரெக்கார்டு நோட்டு, சிநேகிதிகள், அத்தனைக்கும் நடுவில் மறந்துவிடுவோமோ என்று பிள்ளை பயந்திருக்கிறாள்.

கட்டத்தில் இரண்டு பொத்தான்கள். ஒன்று நிறுத்திவிடும். மற்றது பத்து நிமிடம் கழித்து மறுபடி அடிக்கும்.

மவுஸை நகர்த்தினார். அம்பு கம்ப்யூட்டர் திரையைத் தாண்டி லேப்டாப்புக்குப் போனது. மகளின் கன்னத்தைக் கடந்தது. கட்டத்தின் அடியில் புகுந்து மறைந்தது.

மறுபடி கொண்டுபோனார். மறுபடியும் அடியில்தான் போனது.

போட்டோவும் அம்பும் இவருடைய கம்ப்யூட்டர் அனுப்பியவை. கட்டம் லேப்டாப்புக்குச் சொந்தமானது. இங்கிருந்து தொட முடியாது.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். லேப்டாப்பின் டச்பேடில், அவள் விரல் பட்டுப் பட்டுப் பளபளத்திருந்த இடத்தில், தன் விரலை வைத்தார்.

திரையில் இன்னொரு அம்பு வந்தது.

அவர் படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் இல்லம்மா."

அவளிடம் இப்படிச் சொல்வது இதுதான் முதல் தடவை.

பத்து நிமிடம் கழித்து என்பதை அழுத்தினார்.

தூக்கைத் திறந்தார். சோறு ஆறியிருந்தது. இசக்கி இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறைவுக்குப் பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்காமல், ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

கை கழுவிவிட்டு வந்து லேப்டாப்புக்கு நேராக உட்கார்ந்தார்.

மணி 1.39.

இந்தத் தடவை அவரும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது.