ஏறாதவர்கள்

இன்றும் நிறுத்தத்தில் ஆபீஸ் வேனில் ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் ஹாரனை அழுத்தினார். பையை மாட்டிக்கொண்டு நடந்த கூட்டம் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனது.

'வேலைக்கு நடந்தே வருவோம்!' என்ற போஸ்டரை மேனேஜர் வேனின் பின்பக்கத்திலேயே ஒட்டச் சொல்லியிருந்தார். தன் பிழைப்பில் மண்ணைப் போடுவதைத் தானே சுமந்து திரிவது டிரைவருக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

எல்லாரும் நல்லவர்கள்தான். போன மாதம் இடப்பக்கக் கண்ணாடி கேட் தூணில் பட்டு உடைந்தபோதுகூட யாரும் மேனேஜரிடம் போட்டுக்கொடுக்கவில்லை. தூண் கொஞ்சம் வெளியே தள்ளி நின்றது, அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களா இப்படி?

ஆபீஸ் தெருமுனையில் ஒருத்தி குடையோடு எதிரே வந்தாள். குடை என்றால் அக்கவுண்ட்ஸ் பெண்தான். பிரேக் போட்டார்.

"ஏம்மா அக்கவுண்ட்ஸு, நீயுமா?"

குடையை மடக்கிக்கொண்டு ஜன்னலருகே வந்தவள், ஏதோ சொல்ல வாயெடுத்து, அப்படியே நின்றுவிட்டாள்.

"உன் குழந்தைக்குக் காய்ச்சல்னு நீ லேட்டா வந்த அன்னிக்கு, எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டு வண்டியை நிறுத்தி வெச்சேனே. மறந்துட்டியா?"

அவள் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"மாசக் கடைசியோட வண்டியை நிறுத்தப் போறாங்களாம். அப்புறம் நான் என்ன பண்றது? வாட்ச்மேன் பக்கத்துல உட்கார்ந்து கொட்டாவி விடவா?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணும் உங்க ஆபீஸ்தான். வீடு பக்கத்துலயே இருக்கு, அவளுக்கு வண்டி தேவைப்படல. இல்லேன்னா நீங்க எல்லாரும் நடந்தாலும் அவ ஒருத்தி ஏறி உட்கார்ந்திருப்பா. ரத்தம்மா அது!"

அவள் இன்னும் ஓரடி நெருங்கி வந்தாள்.

"சரி, போகட்டும். எல்லாரும் சேர்ந்து முதுகுல குத்திட்டீங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. இந்த நடையை முதல்ல ஆரம்பிச்சு வெச்சது யாரு? அந்த மேனேஜர்தானே?"

காலை வெயில் அவள் முகத்தில் பளிச்சென்று விழுந்தது. அவர் கண்களைச் சுருக்கி, அந்த முகத்தையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

ஸ்டியரிங்கில் இருந்த அவர் கையை அவள் மெல்லப் பற்றினாள்.

"அப்பா... நான்தாம்பா."