தகர டின்னுக்குள் ஒரு குரல்

வெள்ளம் பிள்ளையை அடித்துக்கொண்டு போன நாளிலிருந்து அம்மா தவளைக்கு வேறு வேலையே இல்லை. குளக்கரையில் துருப்பிடித்துக் கிடந்த தகர டின்னுக்குள் உட்கார்ந்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தொண்டை கிழிந்து, குரல் இரும்பைத் தரையில் இழுக்கிற மாதிரி ஆகிவிட்டது.

"அக்கா, இதுதான் ஹெவி மெட்டல்! இவ்வளவு கனமா யாரும் பாடினதில்ல" என்றான் ஒரு இளந்தவளை.

"பாட்டு இல்லப்பா. என் புள்ளயக் கூப்பிடுறேன்."

யார் கேட்டார்கள்? அடுத்த மழைக்குள் கரையெல்லாம் டின். இளந்தவளைகள் ஆளுக்கொன்றில் உட்கார்ந்து, அந்தப் பேரையே சொல்லி அவளைப் போலவே உறுமினார்கள். பிறகு வேகத்தைக் கூட்டினார்கள். பிறகு பேரை விட்டுவிட்டு உறுமலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். "நீங்க பாடுறது பழசாயிடுச்சுக்கா" என்று சிரிக்கவும் செய்தார்கள்.

ஒரு நாள் அதே இளந்தவளை துள்ளிக்கொண்டு வந்தான்.

"நேத்து வெளியூர் ரசிகன் ஒருத்தன் வந்தான்க்கா! ஒவ்வொரு டின்னா எட்டிப் பாத்து, 'அம்மாவா?'ன்னு கேட்டான். நாங்க இன்னும் சத்தமா பாடினோம். என்னாச்சோ, உங்க டின்னுக்கு வர்றதுக்குள்ள அழுதுட்டே போயிட்டான்."

அம்மா தவளை பதறிப்போய், இருக்கிற உயிரையெல்லாம் திரட்டிக் கூப்பிட்டாள்.

கரையில் இருந்த எல்லா டின்களும் அவளோடு சேர்ந்து உறுமின.