அப்பாவின் பங்கு

அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகிறது. கோர்ட் உயிலை ஏற்று, சொத்தைப் பிரித்து, வழக்கையும் மூடிவிட்டது. அவர் நினைவைப் பதிவுசெய்த, அவரைப்போலவே பேசும் பெட்டியைத் திதிக்கு மட்டும் அரைமணி நேரம் போடுவோம்.

இன்று படையல் வைத்ததும் வழக்கம்போல் கேட்டேன்: "குறை ஏதும் இருக்காப்பா?"

"இருக்கும்மா" என்றார் பெட்டிக்குள்ளிருந்து.

பத்தே நிமிஷத்தில் வக்கீல் போன் செய்தார். "செண்பகா, வழக்கைத் திரும்பத் திறந்துட்டாங்க. உங்கப்பாவே பெட்டியிலிருந்து ஆன்லைன்ல மனு போட்டிருக்கார். மாடி அறை தனக்கு வேணுமாம்."

"அங்கே என் பொண்ணு படிக்கிறா சார். செத்துப்போனவருக்கு எதுக்குப் பங்கு?"

"தீர்ப்பு வர்ற வரைக்கும் பெட்டியை அணைச்சிடாதீங்க. அணைச்சா கொலைக் கேஸ்."

சுவிட்சில் இருந்த விரலை எடுத்தேன்.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் நான் பேசிக்கிட்டிருக்கும்போதே அணைச்சிட்டியேம்மா."