ஒரு முடிகூட மிஞ்சாதா?

"மருந்தை நிறுத்திட்டா, முளைச்ச முடியெல்லாம் கொட்டிடுமா டாக்டர்?"

கைப்பேசியில் வந்த ஆண்குரல் சுவருக்குக்கூடக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோலத் தாழ்ந்திருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்த சரும டாக்டரம்மா அதை மறுபடி மூடினார். வழுக்கைக்கு மருந்து கேட்டு வருகிறவர்களுக்குக் கடைசியில் வரும் பயம் இது. இத்தனை வருஷத்தில் அவருக்குக் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது.

"யாருங்க பேசறது?"

"ஆறு மாசத்துக்கு முன்னால வந்தேங்க. தலைக்குத் தடவ லோஷன் எழுதிக் கொடுத்தீங்க. ஒரு ராத்திரிகூட விடாம தடவியாச்சு."

ஆள் நினைவுக்கு வரவில்லை. பார்த்த தலைகள் கொஞ்சமா நஞ்சமா?

"முடி வந்திருக்கா?"

"அதை ஏன் கேக்கறீங்க! கருகருன்னு வந்திருக்கு."

டாக்டரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. குறை சொல்லத்தான் எல்லாரும் கூப்பிடுவார்கள். மருந்து வேலை செய்தது என்று சொல்ல ஒருவரும் இதுவரை போன் செய்ததில்லை.

"அப்புறம் எதுக்குங்க நிறுத்தணும்? வளர்ந்ததெல்லாம் மூணு நாலு மாசத்துல போயிடும். பட்ட பாடு அத்தனையும் வீணாயிடும்."

மறுமுனையில் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம்.

"எல்லாமேவா? ஒரு முடிகூட மிஞ்சாதா?"

பாவம், மனுஷன் ஆடிப்போய்விட்டார் என்று டாக்டரம்மாவின் மனசு இளகியது. ஆனால் பொய் சொல்ல முடியுமா?

"மருந்தால வந்த முடி, மருந்து போனா போயிடும்ங்க. மனசைத் தேத்திக்கோங்க."

"அப்பாடா!"

டாக்டரம்மா கைப்பேசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பக் காதில் வைத்தார். காதில் விழுந்தது சரிதானா?

"என்னங்க சொன்னீங்க?"

"வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டர். திடீர்னு நிறுத்தினா வேற ஏதாவது பண்ணுமா? மயக்கம், படபடப்பு, கொட்டின இடத்துல தழும்பு?"

"பொதுவா இந்த லோஷனுக்கு அதெல்லாம் வராது. முடி போகும், அவ்வளவுதான்."

"கொஞ்சம் சீக்கிரமா கொட்ட வைக்க வழி இருக்கா? வெளியில தலைகாட்ட முடியல. ஆபீசுக்கு லீவு போட்டாச்சு. கண்ணாடியைப் பார்த்தாலே அழுகை."

சாப்பாடு ஆறினால் ஆறட்டும் என்று டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முடி கொட்டியதற்கு அழுதவர்களுக்குக் கணக்கில்லை. முளைத்ததற்கு அழுகை என்பது அவருக்கே புதுசு. விஷயம் என்னவென்று தெரியாமல் ஒரு வாய்கூட உள்ளே இறங்காது.

"வீட்டுல மனைவி என்ன சொல்றாங்க?"

"அவகிட்ட நான் இன்னும் வாயே திறக்கல. சொன்னா, மருந்தை நிறுத்த விடவே மாட்டா. என் தலை மேல என்னைவிட அவளுக்குத்தான் அக்கறை. நானே இன்னிக்கு அந்த பாட்டிலைக் குப்பையில போட்டுடறேன்."

"அவசரப்படாதீங்க. ஒரு தடவை நேர்ல வந்து தலையைக் காட்டுங்க. பார்த்துட்டு முடிவு பண்ணலாம்."

"தலையில பார்க்க என்ன இருக்கு டாக்டர்? அது அப்படியே பளபளன்னுதான் இருக்கு!" என்றவரின் குரல் உடைந்தது. "தினம் ராத்திரி என் சம்சாரம்தான் மருந்தைத் தன் கையால தேய்ச்சு விடுவா. தேய்ச்ச அசதியில அந்தக் கையை அப்படியே கன்னத்துக்கு அடியில வெச்சுத் தூங்கிடுவா. இப்ப அவளுக்கு வலது பக்கம் மட்டும் கிருதா முளைச்சிருக்கு!"